அப்பாவுக்கு வாசிக்காத தாள்

ஜனவரி 6

(வெள்ளைத் தாள்)

அன்புள்ள அப்பாவுக்கும் சின்னவளுக்கும்,

பெரியவள் எழுதுவது. முழுசாக வந்து சேர்ந்தேன். அப்பா, இருமல் தணிந்ததா? சின்னவள் இதை வாசிக்கும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ரயில், அப்புறம் பஸ், அப்புறம் தண்ணீர் லாரி. கடைசி நாற்பது மைலும் லாரி முன்சீட்டில்தான். மணல் ஆரம்பிக்கிற இடத்தில் டிரைவர் இறங்கி எல்லா டயரிலும் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டார். "நல்லா இருக்கிற டயரை ஏங்க இப்படிப் பண்றீங்க?" என்றேன். "மணல்ல விறைப்பா போனா புதைஞ்சிடும்மா, தொளதொளன்னுதான் போகணும்" என்றார். நாம் வளர்ந்த வளர்ப்புக்கு இது நேர் எதிர்.

குள்ளி வாசலிலேயே நின்றாள். ஹாஸ்டலில் என்னோடு மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவள், இன்னும் அதே உயரம். அவள் வீட்டுக்காரர் ரோட்டில் விழும் மணலைத் தள்ளுகிற இலாகாவில் சூப்பர்வைசர். நாளெல்லாம் தள்ளுகிறார், மறுநாள் அது திரும்ப வந்து ரோட்டில் படுத்துக்கொள்கிறது. சம்பளம் வாங்குகிற வேலையிலேயே முடியாத வேலை இதுதான் என்று அவரே சிரிக்கிறார். ஊர் மொத்தம் மூன்று தெரு. எல்லா வீட்டு வாசலும் காற்றுக்கு முதுகைக் காட்டித்தான் இருக்கிறது. செல்போன் இங்கே மணி பார்க்கத்தான் உதவும். வாரம் இரண்டு நாள் வரும் தண்ணீர் லாரியில்தான் தபாலும்.

இருபத்தொன்றாம் தேதி கிளம்பிவிடுவேன்.

உங்கள் பெரியவள்

(மஞ்சள் தாள்)

சின்னவளே, மஞ்சள் தாள் உனக்கு மட்டும். அப்பாவுக்குத் தாளின் நிறம் தெரியப்போவதில்லை. வெள்ளையை வாசித்துக் காட்டு, இதை மடித்து இடுப்பில் செருகிக்கொள். நீயும் இப்படியே இரண்டு தாளாக எழுதாதே, எனக்குக் கண் தெரியும்.

நோட்டில் எழுதி வைத்தபடி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வை. வலது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டாலும் அவருக்குத் தெரியாது, நீதான் பார்த்து எடுத்துவிட வேண்டும். அப்பா படுக்கையில் விழுந்த இந்தப் பதினோரு வருடத்தில் பதினைந்து நாள் கேட்டேன், நீ மறுபேச்சு பேசாமல் லீவு போட்டு வந்தாய். மறக்க மாட்டேன்.

ஜனவரி 13

அன்புள்ள அக்கா,

அப்பா சௌக்கியம், நான் சுமார், வீடு தலைகீழ். உன் கடிதத்தை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். டயரில் காற்றைப் பிடுங்கின இடத்தில் மட்டும், "அது எனக்குத் தெரியும்" என்றார். அவருக்கு எதுதான் தெரியாது?

முப்பத்தாறு வருடம் பஸ் டிப்போவுக்கு டைம் கீப்பர், இப்போது எனக்கு டைம் கீப்பர். அந்தப் பேசும் கடிகாரத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, "எட்டு மணி மாத்திரை எட்டு நாலுக்கு வருது. பெரியவ இருந்தா வண்டி கரெக்டா எடுப்பா" என்கிறார். நான் கலந்து கொடுக்கும் பாலைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் ரொம்ப மோசம். காலையில் பிசியோ பொண்ணு வந்து கை காலை நீட்டி மடக்கும் முக்கால் மணி நேரம் நான் வாசற்படியில் போய்ச் சும்மா உட்கார்ந்துகொள்கிறேன்.

என் முதுகு போய்விட்டது. அவரைப் புரட்ட நீ என்ன வித்தை வைத்திருக்கிறாய்? ஆபீசில் பிப்ரவரி ஐந்து வரைதான் லீவு. என் வீட்டுக்காரர் சமையலைச் சாப்பிட்டு என் பொண்ணு பாதியாகிவிட்டாளாம். மார்ச் நாலாம் தேதி அவளுக்குப் பெரிய பரீட்சை ஆரம்பம். நீ இருபத்தொன்றாம் தேதி கிளம்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

நன்றாகச் சாப்பிடு, ஊர் சுற்று.

உன் சின்னவள்

ஜனவரி 19

(வெள்ளைத் தாள்)

அப்பாவுக்கு வணக்கம், சின்னவளுக்கு அன்பு,

நான் நன்றாக இருக்கிறேன். காலையில் பல் கிடுகிடுக்கும் குளிர், மதியம் மண்டையைப் பிளக்கும் வெயில், இரண்டும் ஒரே நாளில்.

ஞாயிற்றுக்கிழமை குள்ளியும் அவள் வீட்டுக்காரரும் ஜீப்பில் வெகுதூரம் கூட்டிப்போனார்கள். ஒரு காலத்தில் ஏரியாக இருந்த இடமாம். இப்போது உப்பு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். அதைத் தாண்டி மணல் மூடின ஒரு குடியிருப்பு. நிலைப்படியின் மேல்கட்டை மட்டும் வெளியே தெரிகிறது. நாங்கள் ஒரு வீட்டின் கூரைமேல் உட்கார்ந்துதான் கட்டுச்சாதம் சாப்பிட்டோம். அந்த வீட்டுக்காரரே அங்கே ஆடு மேய்த்துக்கொண்டு வந்தார். "உள்ளே வாங்கன்னு கூப்பிட முடியாது, மேலேயே உக்காருங்க" என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அவர் மனைவி காலடித் தடம் பார்த்தே ஆள் சொல்கிறாள். தொலைந்த ஆட்டைத் தேடித் தேடிப் பழகினதாம். குள்ளி வீட்டுக்காரருக்கு இடது முட்டியில் வலி என்று தடத்தைப் பார்த்தே சொன்னாள். அவர் அதைக் குள்ளியிடமே மறைத்து வைத்திருந்தார்.

(மஞ்சள் தாள்)

என் தடத்தையும் பார்த்தாள். "இந்தம்மா கையில எதையோ தூக்கிட்டே நடந்து பழகினவங்க" என்றாள். என் கையில் ஒரு தண்ணீர் பாட்டில்கூட இல்லை.

சின்னவளே, இருபத்தொன்று முடியாதுபோல் இருக்கிறது. குள்ளிக்குக் காய்ச்சல், விட்டுவிட்டு வர மனம் இல்லை. இன்னும் பத்து நாள். முதுகுக்கு: இடுப்பை வளைத்துத் தூக்காதே, முட்டியைக் கட்டிலில் முட்டுக்கொடுத்துப் போர்வையைப் பிடித்து இழு.

ஜனவரி 27

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். உன் சிநேகிதிக்குக் காய்ச்சல் விட்டதா?

பத்து நாள் என்றால் முப்பத்தொன்று. நான் அப்படியே எழுதி வைத்துக்கொள்கிறேன். போர்வை வித்தை பலித்தது. ஆனால் அப்பா, "மூட்டை இறக்குற மாதிரி இறக்குறே" என்றார்.

தண்ணீர் லாரி டவுனுக்குப் போகும்போது ஏறிப் போய் ஒரு தடவை போன் செய்யேன். பேசும்போது உன் குரலைக் கேட்டால் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வரும். எனக்கும்தான்.

சின்னவள்

பிப்ரவரி 4

(வெள்ளைத் தாள்)

அன்புள்ள அப்பா, சின்னவளே,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

மூன்று நாளாகப் புயல்காற்று. ஜன்னல் இடுக்கிலெல்லாம் ஈரத்துணி திணித்தும், சோற்றில் மணல், தலையணையில் மணல், காது மடிப்பில் மணல். காற்று நின்றதும் தெருவே விளக்குமாறும் கையுமாக வெளியே வந்தது. முடிதிருத்துகிறவர் கடை வாசலில் இடுப்பளவு மணல். அவர் அதன் மேலேயே நாற்காலியைப் போட்டு ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். நானும் ஒரு முறம் வாங்கி நாலு வீட்டு வாசல் அள்ளினேன்.

ரோடு மூடிவிட்டது. எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது என்கிறார்கள்.

(மஞ்சள் தாள்)

முதுகுக்கு ஒத்தடம் கொடு. வேறு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 11

அக்கா,

நலம் விசாரிக்க இன்றைக்குத் தெம்பு இல்லை.

ரோடு மூடிவிட்டது என்று எழுதின கடிதம் எந்த ரோட்டில் வந்தது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயே, அதுவும் என்னிடம்? சின்ன வயதில் என்னை எத்தனை தடவை பொய்யில் பிடித்திருக்கிறாய். உனக்குப் பொய் சொல்லவே வராது, அதை மற்றவர்களுக்கு விட்டுவிடு.

மேலதிகாரி காலில் விழாத குறையாக லீவை இம்மாதக் கடைசி வரை நீட்டியிருக்கிறேன். என் பொண்ணு போனில், "பாட்டு டீச்சர் மாதிரி நீயும் வாரத்துக்கு ஒருநாள் வந்துட்டுப் போ" என்கிறாள். சிரித்துவிட்டு, போனை வைத்ததும் அழுதேன்.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நிஜம். நான் வருடத்துக்கு இரண்டு தடவை பழக்கூடையோடு வந்து, "அப்பாவை நல்லா வச்சிருக்கேக்கா" என்று சொல்லிவிட்டுப் போனவள். ஐந்து வாரத்தில் என் கை என்னுடையதாக இல்லை. நீ பதினோரு வருடம். அது தெரிந்துதான் கேட்கிறேன், கோபத்தில் இல்லை. கோபமும்தான். என்ன ஆயிற்று உனக்கு? வரப்போகிறாயா, இல்லையா? அதை மட்டும் எழுது. மஞ்சளோ வெள்ளையோ, உண்மையாக எழுது.

உன் தங்கை

பிப்ரவரி 22

(வெள்ளைத் தாள்)

அன்புள்ள அப்பா,

இங்கே லாரி வரும் நாளில் வேடிக்கை பார்க்க வேண்டும். குடம், டிரம், பிளாஸ்டிக் வாளி எல்லாம் விடிவதற்கு முன்பே வரிசையில் நின்றுவிடும், ஆட்கள் போய் வேறு வேலை பார்ப்பார்கள். யாரும் யார் குடத்தையும் நகர்த்துவதில்லை. நானும் குள்ளியும் இரண்டு டிரம் பிடிக்கிறோம். மற்றபடி மணல்மேட்டில் ஏறி உட்கார்ந்து இறங்குவதுதான் வேலை. மேட்டின் நிழல் பக்கம் எப்போதும் ஜில்லென்று இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

(மஞ்சள் தாள்)

கேட்டாய், சொல்கிறேன். குள்ளிக்குக் காய்ச்சல் இல்லை. ரோடு மூடினது ஒன்றரை நாள். போன் செய்வதற்காக லாரியில் இரண்டு தடவை ஏறப் போனேன். அப்பா குரலைக் கேட்டால் அன்றைக்கே கிளம்பிவிடுவேன் என்று தெரியும், அதனால் திரும்பி வந்துவிட்டேன்.

எனக்கு அலுத்துவிட்டது சின்னவளே. கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. லேபில் ரத்தம் சோதிக்கிற வேலையை விட்டபோது எனக்கு நாற்பது வயது, இப்போது ஐம்பத்தொன்று. நடுவில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் எட்டு மணி மாத்திரை, பத்து மணி மாத்திரை என்றுதான் சொல்ல வரும். இங்கே யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. "பெரியவளே" என்று ஒரு குரல் கேட்காமல் முழுசாக ஒரு பகல் போகிறது. இந்தப் பாலைவனத்தில் எனக்குப் பிடித்தது அதுதான். மணலும் மேடும் அதற்கு அப்புறம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. போன நவம்பரில் அவருக்குச் சளி கட்டி மூச்சு இழுத்ததே, அந்த மதியம் அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த மூச்சு இதோடு நின்றால் நானும் கொஞ்சம் படுக்கலாமே என்று நினைத்தேன். ஒரு நிமிஷம்தான். அப்புறம் டாக்டரைக் கூப்பிட்டேன், செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். ஆனால் நினைத்தது நினைத்ததுதானே. அன்று சாயங்காலமே, வருகிறேன் என்று குள்ளிக்கு எழுதினேன். அவரை விட்டு ஓடி வரவில்லை. என்னைக் கண்டு எனக்கே பயமாகிவிட்டது.

எப்போது வருவேன் என்று தெரியவில்லை. இதை வாசித்ததும் கிழித்துப் போடு.

மார்ச் 2

அக்கா,

நேராகச் சொல்லிவிடுகிறேன். உன் மஞ்சள் தாளை அப்பா கேட்டுவிட்டார்.

பரீட்சைக்கு முன்னால் பொண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று இரண்டு நாள் வீட்டுக்குப் போனேன். பிசியோதான் கூட இருந்தாள். அன்றைக்கென்று பார்த்து உன் கடிதம் வந்திருக்கிறது. அப்பா பிரிக்கச் சொல்லியிருக்கிறார். "ரெண்டு தாள் இருக்குங்கய்யா, ரெண்டையும் வாசிக்கவா?" என்று கேட்டாளாம். "வாசி" என்றாராம். அவளிடம் நாம் நிறக் கணக்கு எதையும் சொல்லி வைக்கவில்லையே. பாதியில் நிறுத்தப் பார்த்தாளாம், "ம்" என்றாராம். கடைசியில், கிழித்துப் போடு என்கிற இடம் வந்ததும்தான் வாசித்திருக்கக் கூடாது என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். அவளை என்ன சொல்வது?

அப்பா இன்றோடு மூன்று நாளாகப் பேசவில்லை. கொடுத்ததைச் சாப்பிடுகிறார், புரட்டினால் புரளுகிறார். கடிகாரத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். மாத்திரைக்கு அரை மணி தாமதமானாலும் கேட்பதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

வந்துவிடு அக்கா. மாத்திரை கொடுக்க, புரட்டிப் போடக் கூப்பிடவில்லை, லீவு முடிந்துவிட்டாலும் அதையெல்லாம் நான் எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன். இந்த மாதிரி அவர் கிடக்கும்போது நீ பக்கத்தில் இல்லாமல் ஏதாவது ஆகிவிட்டால், அப்புறம் நீ உன்னை மன்னிக்கவே மாட்டாய்.

சின்னவள்

மார்ச் 6

பெரியவளுக்கு அப்பா சொல்லி எழுதினது. நான் சொல்லச் சொல்ல பிசியோ எழுதுது. ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காம எழுதணும்னு சொல்லியிருக்கேன். அழுதுக்கிட்டே எழுதினா எழுத்து புரியாதுன்னும் சொல்லியிருக்கேன்.

எனக்கு உடம்பு எப்பவும்போலத்தான்.

ரெண்டு தாள் வருதுன்னு எனக்கு முதல் லெட்டர்லயே தெரியும். கண்ணு போனா காது பாத்துக்கும். சின்னவ ரெண்டு தாளைப் பிரிப்பா, ஒண்ணைத்தான் படிப்பா. உங்களுக்குள்ள ஏதோ பேசிக்கிறீங்க, பேசிட்டுப் போங்கன்னு விட்டுட்டேன். அன்னிக்கு அவ இல்ல. என்னதான் எழுதுறேன்னு கேக்கத் தோணுச்சு. கேட்டது என் தப்பு, படிச்சுக் காட்டின பொண்ணு மேல தப்பு இல்ல.

நாலு நாள் யோசிச்சேன். நீ நவம்பர்ல நினைச்சதை நான் நாலஞ்சு வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கேன். உன்கிட்ட சொன்னா நீ அழுவேன்னு சொல்லல. நீயும் சொல்லல. ஒரே ரூம்ல ரெண்டு பேரும் ஒரே விஷயத்தை நினைச்சுக்கிட்டு, பாலுக்குச் சர்க்கரை போதுமா போதுமான்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம்.

டிப்போல மாத்து ஆள் வராம ஒரு டிரைவர் மூணாவது டூட்டியும் ஓட்டி எங்கயாவது கொண்டுபோய் இடிச்சா, மெமோ டிரைவருக்குக் கிடையாது. ஆளை இறக்கி வீட்டுக்கு அனுப்பாத டைம் கீப்பருக்குத்தான். நானே ரெண்டு வாங்கியிருக்கேன். உனக்குப் பதினோரு வருஷம் மாத்து ஆள் போடாம ஓட்ட விட்டவன் நான். நீ எங்கயும் இடிக்கல. அதுக்குள்ள இறங்கிட்டே.

பகல்ல பிசியோவோட அண்ணி வரா. கத்திப் பேசுறா, பரவாயில்ல. ராத்திரிக்கு ஆஸ்பத்திரி வார்டுல வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒருத்தர். அவரும் பேச ஆரம்பிச்சா நிறுத்துறதில்ல. என் பென்ஷன் வேற எதுக்கு இருக்கு? சின்னவ போக மாட்டேன்னா. பஸ் நம்பர், புறப்படுற நேரம் எல்லாம் சொல்லி நேத்து மூணே காலுக்கு ஏத்தி அனுப்பிட்டேன்.

கிளம்பி வராதே. வரணும்னு உனக்கா தோணினா வா, தோணலைன்னா அங்கயே இரு. எப்ப வரேன்னு மட்டும் எழுதாதே. தேதி எழுதினா நான் எண்ண ஆரம்பிச்சிடுவேன்.

இனிமே எனக்கு ஒரு தாள் போதும்.

அப்பா

அன்புள்ள அப்பா,

மேலே தேதி போடவில்லை. போட்டால் அதிலிருந்தும் நீங்கள் ஏதாவது கணக்கு போடுவீர்கள்.

சின்னவளின் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டேன். செவ்வாய்க்கிழமை லாரி வந்ததும் ஏறி உட்கார்ந்தேன். குள்ளி கீழே நின்றுகொண்டு மூக்கை உறிஞ்சுகிறாள், அவள் வீட்டுக்காரர் அவளைத் திட்டுகிறார். கிளம்புகிற நேரத்தில் டிரைவர் தபால் பையைப் பிரித்து, "உங்களுக்கு ஒண்ணு இருக்கும்மா" என்று நீட்டினார். எழுத்து யாருடையது என்று தெரியவில்லை. நீங்கள் போய்விட்டீர்கள், அதை யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் பிரித்தேன்.

இரண்டு தடவை வாசித்தேன். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். "கெட்ட செய்தியாம்மா?" என்றார். "இல்லீங்க. எங்கப்பா வரவேணாம்னு சொல்லிட்டாரு" என்றேன். "வேணாம்னு சொன்னதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்றார். "சந்தோஷம்னு யார் சொன்னா? பெட்டியை எடுத்துக் கொடுங்க" என்று சொல்லி இறங்கிவிட்டேன். அங்கேயே மணலில் உட்கார்ந்தேன். குள்ளி என்னமோ ஏதோ என்று ஓடி வந்தாள். அவளைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன்.

நான் நினைத்ததை நீங்கள் கேட்டுவிட்டீர்கள், நீங்கள் நினைத்ததை நான் வாசித்துவிட்டேன். இனி ஒருவரிடம் ஒருவர் மறைக்க என்ன இருக்கிறது? வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நவம்பருக்குப் பிறகு இன்றைக்குத்தான் எனக்கு என்னைக் கண்டு பயமில்லை.

உண்மையைச் சொன்னால், இன்னும் வரத் தோன்றவில்லை. அலுப்பு இவ்வளவு நாளில் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. சாப்பிடுகிறேன், குள்ளியோடு தண்ணீர் பிடிக்கிறேன், வெயில் தாழ்ந்ததும் நடக்கிறேன். புது ஆட்கள் உங்கள் வலது கையைப் பார்த்து எடுத்துவிடுகிறார்களா என்று கேட்க வாய் வருகிறது. கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மேட்டின் மறுபக்கம் முதல் தடவையாகப் போனேன். பத்து இருபது ஒட்டகம், மேய்ப்பவர் யாரும் இல்லாமல், ஒன்றன் பின் ஒன்றாக எங்கேயோ போய்க்கொண்டிருந்தன. எங்கேயிருந்து வருகின்றன, எத்தனை மணிக்கு எங்கே போய்ச் சேரும் என்று ஒன்றும் தெரியவில்லை. இதற்கு அப்பா ஏதாவது சொல்வாரே என்று திரும்பிப் பார்த்தேன். பதினோரு வருடத்தில் உங்களை நான் தேடினது அதுதான் முதல் தடவை. மாத்திரை கொடுக்க, புரட்டிப் போடத் தேடவில்லை. சும்மா, பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச.

உங்கள் பெரியவள்